கால் தட்டிவிட்டு வந்த குத்து

போன ஞாயிற்றுக்கிழமை உன் படத்தை மண்டபச் சுவரில் மாட்டினார்கள். பெரிய படம், வாசற்கதவில் பாதி இருக்கும். மேடைக்குப் பக்கத்தில் ஆணி அடித்து, சந்தன மாலை போட்டிருந்தார்கள். படத்தில் நீ இடது பக்கம் சாய்ந்து நிற்கிறாய். கண் இமைக்கவில்லை. இடது கை கீழே எங்கேயோ இறங்கிக்கொண்டிருக்கிறது. முகத்தில் கோபமே இல்லை. சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவள் மாதிரி இருக்கிறாய். வந்தவர்கள் எல்லாரும் கிட்டப் போய், "எப்படி நிக்குது பாரு, தங்கமான புள்ள" என்று உச்சுக்கொட்டினார்கள்.

படத்தின் ஓரத்தில் ஒரு நீலக் கையுறை இருக்கிறது. கையுறை, மணிக்கட்டு, அதற்குப் பின்னால் முழங்கை வரைக்கும் ஒரு கை. அதோடு படம் முடிந்துவிடுகிறது. சட்டம் போட்டவன் அந்த இடத்தில் வெட்டிவிட்டான். அந்தக் கை யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. என் பக்கத்தில் நின்ற அம்மா ஒருத்தி, "அந்த ஓரத்துல நீட்டிக்கிட்டு இருக்கே ஒரு கை, அதையும் வெட்டியிருந்தா படம் இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்றாள். என் கைதான்டி அது! எனக்கு வயிறு பற்றி எரிந்தது. செத்துப்போனவள் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு பொறாமைப்படுகிறாயா என்று நீ கேட்பாய். ஆமாம், படுகிறேன். நீ இருக்கும்போது பட்டது போதாதென்று இப்போதும் படுகிறேன்.

அதோடு விட்டார்களா? மேடையில் ஒரு பெண்ணைப் பேசக் கூப்பிட்டார்கள். மாநில அணியில் உன்னோடு இருந்தவளாம். நல்ல பட்டுப்புடவை, நல்ல குரல். "அவங்களோட கவுண்டர்னா எல்லாருக்கும் தெரியும். அது கேம்ப்ல நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து பிராக்டிஸ் பண்ணி வந்ததுங்க. நான்தான் டெய்லி அவங்களுக்குப் பார்ட்னர்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மண்டபமே கை தட்டியது. நானும் தட்டினேன், தட்டாமல் உட்கார்ந்தால் உன் அம்மா பார்ப்பாரே. ஆனால் எனக்கு எழுந்து போய் அந்த ஒலிவாங்கியைப் பிடுங்கினால் என்ன என்று இருந்தது. உன் எதிர்க்குத்து எங்கே வந்தது, யார் மேல் வந்தது என்று அவளுக்கு என்ன தெரியும்? அவள் பார்த்தது காய்த்த மரத்தை. நட்ட குழி என் விலாவில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். வேறு யாரிடம் சொன்னாலும் "பாவம், துக்கத்தில் பேசுது" என்று தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்துவிடுவார்கள். நீதான் என் பொறாமையைப் பொறாமையாகவே எடுத்துக்கொள்கிறவள்.

நம் தோட்டத்தில் ரப்பரை வெட்டி எண்ணெய்ப்பனை போட்ட பிறகு, பழைய ரப்பர் பால் கொட்டகை சும்மா கிடந்தது. அதைத்தான் மாஸ்டர் கேட்டு வாங்கினார். பட்டாளத்தில் இருந்தபோது குத்துச்சண்டை போட்டவர். அப்புறம் பனைக்குலை ஏற்றும் லோரி ஓட்டினார். லோரியைக் கொட்டகை வாசலிலேயே நிறுத்திவிட்டு, கையில் ஒட்டிய எண்ணெயோடு உள்ளே வந்து மணியடிப்பார். ஆண் பிள்ளைகளுக்கு என்று ஆரம்பித்த இடம். நாம் இரண்டு பேரும் வேடிக்கை பார்க்கப் போய், மறுநாளும் போய், அப்புறம் நின்றுவிட்டோம். கோயில் கமிட்டித் தலைவர் வந்து, "பொம்பளப் புள்ளைங்களுக்கு இது எதுக்கு மாஸ்டர்? நாளைக்கு மாப்பிள்ளைய அடிக்கவா?" என்று கேட்டதும், "அடிக்கட்டும்லா, அடி வாங்கறதுக்கு இது தேவலாம்" என்று மாஸ்டர் சொன்னதும் உனக்கு நினைவிருக்கும். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். நான் சத்தமாகவே சிரித்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கொட்டகையில் எல்லாமே ஒன்று ஒன்றுதான். ஒரு மணல் மூட்டை, ஒரு மணி, ஒரு தலைக்கவசம். அந்த ஒரு தலைக்கவசத்தால்தான் மாஸ்டர் ஒரு சட்டம் போட்டார். மோதும்போது ஒருவர் தலைக்கவசம் போட்டிருப்பார், மற்றவர் வெறுந்தலையோடு நிற்பார். வெறுந்தலைக்காரரைப் பலமான வலது கையால் குத்துவதென்றால், அதற்கு முன் முன்காலால் தரையில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அது எச்சரிக்கை. தலைக்கவசம் போட்டவரைக் குத்துவதற்கு எந்தத் தட்டும் வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் குத்தலாம். "நம்ம புள்ளைங்க மண்டைய நாமளே ஒடச்சிக்கக் கூடாது" என்பார். ஊரில் வேறு எந்தக் கிளப்பிலும் இந்தப் பழக்கம் கிடையாது. சொன்னால் சிரிப்பார்கள்.

முதல் நாளே மாஸ்டர் தலைக்கவசத்தை உன்னிடம்தான் நீட்டினார். நீ முகர்ந்து பார்த்துவிட்டு என் கையில் திணித்தாய். "நாறுதுலா. நீயே போட்டுக்க." எனக்கு ஒரே சந்தோஷம், எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டாளே என்று. அதற்குப் பிறகு அது என் தலையிலேயே தங்கிவிட்டது. பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். வருஷக்கணக்கில் ஒவ்வொரு வலது குத்துக்கும் முன்னால் நான் கால் தட்டினேன். நீ ஒருநாளும் தட்டவில்லை, தட்ட வேண்டிய தேவையே உனக்கு வரவில்லை. நாற்றம் பிடிக்காததால் நீ தப்பித்தாய். இப்படிக்கூட ஒருத்திக்கு அதிர்ஷ்டம் அடிக்குமா!

நீ முதலில் கை நீட்டியதாக எனக்கு நினைவே இல்லை. மணி அடித்தால் நான் பாய்வேன். நீ நிற்பாய். நான் இடது கையால் இரண்டு முறை தட்டி, கால் தட்டி, வலது கையை விடுவேன். உன் தலை ஒரு சாண் அந்தப் பக்கம் போகும். என் கை உன் வலது காதைத் தாண்டிக் காற்றில் போகும். அது திரும்பி வருவதற்குள் உன் இடது கை என் விலா எலும்புக்குக் கீழே வந்து உட்கார்ந்திருக்கும். பலமாகக்கூட இருக்காது, ஆனால் மூச்சு நின்றுவிடும். நான் முழங்காலில் உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டிருக்க, நீ குனிந்து, "குத்தற கைக்குக் கீழ வீடு தொறந்து கெடக்குதுடி" என்பாய். உபதேசம் மாதிரி இருக்காது. துணி நனையுது, எடுத்துப் போடு என்று பக்கத்து வீட்டில் சொல்வார்களே, அப்படி.

சரி, மூடி வைப்போம் என்று நான் முழங்கையை ஒட்டி வைத்துக் குத்தினால் நீ தாடைக்கு வருவாய். தாடையை மறைத்தால் மறுபடி விலா. நான் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு வருவேன். வழியெல்லாம் நினைத்துப் பார்த்துக்கொண்டே வருவேன், இன்றைக்கு மாட்டினாள் என்று. ஒரு தடவை படும். ஒரே தடவைதான். "ஆ, இது நல்லா இருக்கே" என்று மூக்கைத் துடைத்துக்கொள்வாய். மறுநாள் அதற்கும் உன்னிடம் பதில் இருக்கும். நான் வாங்கி வந்த காய்கறியில் நீ சமைத்தாய், பேர் உனக்கு. அந்தப் பட்டுப்புடவைக்காரிக்கு இதெல்லாம் தெரியுமா?

மாஸ்டருக்கு உன்மேல் உயிர். என் அம்மாவுக்கும்தான். அதுதான் எனக்குத் தாங்காது. பெற்ற தாயே, "அந்தப் புள்ளையப் பாரு, எவ்ளோ பொறும. நீ ஒரு அவசரக்குடுக்க" என்று உன் எதிரிலேயே சொல்லிவிட்டு, மீன் துண்டில் பெரியதை உன் தட்டில் போடுவாள். நீ அதைப் பிய்த்துப் பாதியை என் தட்டில் தள்ளுவாய். அந்தப் பாதியைத் தின்னும்போது இன்னும் எரியும்.

போட்டிக்குப் போகும் வேனில் நீ வாயைத் திறந்துகொண்டு தூங்குவாய். நான் சன்னல் வழியாக வாந்தி எடுப்பேன். உன் தூக்கத்தைப் பார்த்து நான் பட்ட பொறாமை இருக்கிறதே, உன் எதிர்க்குத்தைப் பார்த்துக்கூட அவ்வளவு பட்டதில்லை.

அப்புறம் மாநில அணிக்கான தேர்வு வந்தது. நம் எடைக்கு ஒரே ஒரு இடம். நீயும் நானும் ஒரே எடை. மாஸ்டர் லோரிப் படியில் உட்கார்ந்து தலையைச் சொறிந்துகொண்டு, "யாராச்சும் ஒருத்தர் எடையக் கூட்டுங்கம்மா" என்றார். "அவளக் கூட்டச் சொல்லுங்க மாஸ்டர்" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவர் சிரித்தார், நாம் சிரிக்கவில்லை.

உனக்குப் படிப்பு வரும். தையல் வரும், கோலம் வரும், நாலு பேரிடம் பேசி நல்ல பேர் வாங்க வரும். எனக்கு வந்தது இது ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் என்னைத் திட்டாத வாத்தியார் இல்லை. கையுறை மாட்டினால் மட்டும்தான் நான் ஒரு ஆள். அந்த இடம் எனக்குக் கிடைத்தால், எனக்கும் ஒன்று உருப்படியாக வரும் என்று நானே நம்பியிருப்பேன். அதற்காகத்தான் அன்று வளையத்துக்குள் ஏறினேன். உன்னைத் தோற்கடிக்க வேண்டும் என்று நேர்த்திக்கடன்கூட வைத்தேன், பால்குடம். நீயும் அதே கோயிலில் அதே அம்மனிடம் கேட்டிருப்பாய் என்று அப்போது தோன்றவில்லை.

கோலசிலாங்கூர் மண்டபத்தில் பலகை அடித்து, அதன்மேல் துணி விரித்த வளையம். போட்டி என்பதால் இரண்டு பேருக்கும் தலைக்கவசம் கொடுத்தார்கள். உன் தலையில் முதல்முதலாக அதைப் பார்த்தபோது, யாரோ அந்நியப் பெண் மாதிரி இருந்தாய். முதல் சுற்றில் நான் உன்னைத் துரத்தினேன். சத்தியமாகச் சொல், முதல் சுற்று எனக்குத்தானே? இரண்டாவதில் நீ கொஞ்சம் பிடித்தாய். மூன்றாவது சுற்றில் உன் கால் களைத்திருந்தது. நீ கயிற்றோரம் நின்றாய். இடது கையால் இரண்டு தட்டுத் தட்டினேன். உன் இடது கை இறங்கியது, முகம் திறந்து கிடந்தது. இனி வலது கைதான்.

நான் கால் தட்டினேன்.

அடிப்பதற்கு முன்னால் தட்டினேன்! உன் தலையில் கவசம் இருக்கிறது, இது நம் கொட்டகை இல்லை, இவள் இன்றைக்கு எதிராளி. இத்தனையும் எனக்குத் தெரியும், என் காலுக்குத் தெரியவில்லை. பலகை வளையமாதலால் 'டொம்' என்று கேட்டது. பின்னாலேயே வலது கை போயிற்று. உன் காதைத் தாண்டிப் போயிற்று. உன் இடது கை நேராக ஈரலில் வந்து விழுந்தது. இத்தனை வருஷத்தில் நீ அவ்வளவு பலமாக அடித்ததில்லை. விழுந்தேன். நடுவர் எண்ணுவது கேட்கிறது, வாய் திறக்கிறது, காற்று மட்டும் உள்ளே வரவில்லை. எழுந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. நீ ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு, "மெதுவா விடு, மூச்ச மெதுவா விடு" என்றாய். உன் கன்னம் என் கன்னத்தில் ஈரமாக ஒட்டியது. அந்த நேரத்தில்கூட, வியர்வையா கண்ணீரா என்றுதான் பார்த்தேன். கண்ணீராக இருந்தால் அதற்கும் ஒரு கோபம் வைத்திருந்தேன்.

நீ போனாய். மாநில அணி, பதக்கம், தமிழ்ப் பத்திரிகையில் படம், அரசாங்க வேலை, நல்ல மாப்பிள்ளை, புஞ்சாக் ஆலாமில் மாடி வீடு. நான் ரவாங்கில் ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனேன். ஓட்டை இருக்கிறதா என்று காற்றடித்துப் பார்க்கும் வேலை. அங்கேயும் கையுறைதான் என்று நீ ஒருதரம் கேலி செய்தாய். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது, அதை நான் சொல்லித் திரிவது உனக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். கேண்டீனில் சாப்பாட்டுக்கு உட்காரும்போதெல்லாம் அந்தக் கதையைச் சொல்வேன். "நான் தோக்கலலா. காலத் தட்டித் தொலச்சிட்டேன். தட்டாம இருந்தா இன்னைக்கு அவ இங்க கையுறைக்குக் காத்தடிச்சிக்கிட்டு இருப்பா." கேட்கிறவர்கள் எல்லாரும், "ஐயோ பாவம்க்கா" என்பார்கள். என் வீட்டுக்காரருக்கு அந்தக் கதை மனப்பாடம். நான் ஆரம்பித்தால் அவர் எழுந்து போய் மீன் தொட்டியைக் கழுவுவார். உன்னிடம் மட்டும் சொன்னதில்லை. நீ வருஷா வருஷம் தீபாவளிக்கு வந்தாய். கடலோரம் பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து இறால் வாங்கிக்கொண்டு வருவாய், எங்கள் அடுப்படியிலேயே நின்று உரித்துக் கொடுப்பாய். எல்லாம் பேசுவோம், அந்த மூன்றாவது சுற்றை மட்டும் பேசமாட்டோம். நீ ஏன் பேசவில்லை என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது. தட்டியது கேட்டிருக்கிறது, கேட்டுத்தான் விலகியிருக்கிறாள், அதனால்தான் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள்.

அப்புறம் உனக்குப் புற்றுநோய் என்றார்கள். ஊரே உன் வீட்டுக்குத் திரண்டு போனது. மருத்துவச் செலவுக்கு விருந்து வைத்தார்கள், கோயிலில் உன் பேரில் அர்ச்சனை, உனக்கு ரத்தம் கொடுக்க வாலிபர்கள் வரிசையில் நின்றார்கள். எனக்குக் காய்ச்சல் வந்தால் என் வீட்டுக்காரர் மாத்திரையை மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார். நோயில்கூட உனக்குத்தான் முதல் இடமா என்று நினைத்தேன். நினைத்துவிட்டு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாயில் துண்டை வைத்து அழுதேன். இரண்டும் ஒரே நாளில்தான்.

மருத்துவமனையில் அந்த மத்தியானம். உன் வீட்டுக்காரர், "அக்கா வந்துட்டாங்க, நான் கீழ போய் சாப்ட்டு வந்துர்றேன்" என்று போனார். நீ தலையணையில் சாய்ந்திருந்தாய். கட்டியிருந்த துணி நழுவி, தலை மொழுமொழுவென்று தெரிந்தது. நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சன்னலைப் பார்த்தேன். நீயே தலையைத் தடவிக்கொண்டு சொன்னாய், "பாத்தியா, இப்பவும் எனக்குத் தலைக்கவசம் இல்ல. நீ காலத் தட்டிட்டுத்தான் பேசணும்."

சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே என் வாயிலிருந்து வந்துவிட்டது. "அன்னைக்கும் தட்டுனேன்டி."

"என்னைக்கு?"

"செலக்‌ஷன் அன்னைக்கு. மூணாவது ரவுண்டுல. ரைட்டு விடறதுக்கு முன்னாடி தட்டுனேன். பழக்கம். கால் தானா போயிருச்சு."

உன் சிரிப்பு நின்றது. "நெஜமாவா?"

"ஆமா."

நீ என்னையே பார்த்தாய். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய். "அப்ப நான் ஜெயிச்சது..." என்றாய், முடிக்கவில்லை. போர்வையை விரலால் நிமிண்டிக்கொண்டே இருந்தாய். "அப்ப அந்த மெடலு, வேல, எல்லாமே நீ தட்டுனதால வந்ததா?"

இந்த முகத்தைப் பார்க்கத்தான் நான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். கேண்டீனில் எத்தனை முறை மனதுக்குள் வைத்துப் பார்த்திருக்கிறேன்! நேரில் வந்தபோது கண்கொண்டு பார்க்க முடியவில்லை. எலும்பும் தோலுமாகக் கிடக்கிறவளிடம் போய்ப் பிடுங்குகிறேனே என்று இருந்தது. அதே நேரம், பிடுங்கு, உனக்குச் சேர வேண்டியதுதானே என்றும் உள்ளே ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"உண்மையச் சொல்லு" என்றாய், சுவரைப் பார்த்தபடியே. "தட்டாம வந்திருந்தா என்மேல பட்டிருக்குமா?"

'பட்டிருக்கும்' என்று சொல்ல எனக்கு நாக்கு வரை வந்தது. ஒரே சொல். அதைச் சொன்னால் அந்த இடம் என்னுடையது, காலம் கடந்தாலும் என்னுடையது. ஆனால் அந்த நொடியில் நடந்தது எனக்குத் தெரியும். என் முன்கால் பலகையைத் தொட்டபோது உன் தலை அங்கே இல்லை. அதற்கு முன்பே கிளம்பிவிட்டது. நீ என் காலை என்றைக்குமே பார்த்ததில்லை.

"பட்டிருக்காது" என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நீ என் தோளப் பாப்ப. எப்பவும் தோளத்தான் பாப்ப. தோள் அசையும்போதே போயிருவ. நான் தட்டினா என்ன, தட்டாட்டி என்ன. நீதான்டி கெட்டிக்காரி. போதுமா?"

நீ மெதுவாகத் திரும்பினாய். முகமெல்லாம் சிரிப்பு. அந்த மொட்டைத் தலையும், உள்ளே போன கண்ணும், அந்தச் சிரிப்பும்.

"தெரியும்லா" என்றாய். "தட்டுனது கேட்டுச்சு. அதுக்குள்ள நான் நகந்துட்டேன். உன் வாயால வரட்டும்னு இருந்தேன்."

"அடிப்பாவி!"

"இத்தன வருஷமா நீ ஆரம்பிப்பேன்னு பாத்துக்கிட்டே இருக்கேன். நீ வாயத் தொறந்தாதானே? அவசரக்குடுக்கைக்கு இதுல மட்டும் எங்கேருந்துடி இவ்ளோ பொறும?"

நீ சிரித்துச் சிரித்து இருமினாய். மலாய்த் தாதி ஒருத்தி எட்டிப் பார்த்து, உதட்டில் விரலை வைத்துவிட்டுப் போனாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நோயாளியாகப் போய்விட்டாய், இல்லாவிட்டால் அங்கேயே இரண்டு வைத்திருப்பேன். சுவரைப் பார்த்தது, போர்வையை நிமிண்டியது எல்லாம் நடிப்பு! முகத்தைத் திறந்து காட்டி, நான் கை நீட்டும்வரை காத்திருந்து, உள்ளே வந்து அடித்துவிட்டாய். கட்டிலில் படுத்துக்கொண்டே அடித்தாய். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு திட்டிக்கொண்டே இருந்தேன். சாப்பிட்டுவிட்டு வந்த உன் வீட்டுக்காரர் பயந்துபோய், "என்னக்கா, என்ன ஆச்சு?" என்றார். "ஒண்ணுமில்ல, உங்க பெண்டாட்டி என்னை அடிச்சிட்டா" என்றேன். அவர் பாவம், ஒன்றும் புரியாமல் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு உன்னோடு அப்படிப் பேச வாய்க்கவில்லை. எல்லாவற்றிலும் நான்தான் முதலில் பாய்வேன். போவதில் மட்டும் நீ முந்திக்கொண்டாய்.

நேற்று கேண்டீனில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி எதிரே வந்து உட்கார்ந்தாள். "அக்கா, நீங்க பாக்சிங் ஆடுனவங்களாமே. காலத் தட்டாம இருந்திருந்தா நீங்கதான் ஸ்டேட் டீமுக்குப் போயிருப்பீங்கன்னு சொல்றாங்க. நெஜமாக்கா?"

சுற்றி இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். எத்தனையோ முறை கேட்ட கதைதான், இன்னொரு முறை கேட்கத் தயாராக இருந்தார்கள். அந்த மத்தியானம் அந்த அறையில் இருந்தது நாம் இரண்டு பேர். நீ இப்போது இல்லை. ஆமாம் என்று நான் தலையாட்டினால் இல்லை என்று சொல்ல உலகத்தில் ஒரு ஆள் கிடையாது. மண்டபத்தில் மாட்டிய படத்தை நினைத்தேன், பட்டுப்புடவைக்காரியின் பேச்சை நினைத்தேன். எனக்கு மட்டும் என்னடி மிச்சம்?

"இல்லம்மா" என்றேன். "அவ அதுக்கு முன்னாடியே நகந்துட்டா. நான் எப்படிப் போயிருந்தாலும் அவதான் ஜெயிச்சிருப்பா."

அந்தப் பெண், "ஓ" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாள். கதை சப்பென்று போய்விட்டது அவளுக்கு. என்னோடு ஆரம்பத்திலிருந்து வேலை செய்கிற தோழி, "ஏன் கலா, இத்தன நாளா வேற மாதிரி சொன்ன?" என்றாள். "இனிமே இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன். வயிறு எரிந்தது. சம்பல் காரம் என்று சொல்லிக்கொள்ளலாம். சம்பல் இல்லை. காரணம் ஒன்று கையில் இருந்தவரைக்கும் உன்மேல் பொறாமைப்படுவது சுலபமாக இருந்தது. இப்போது காரணமே இல்லை, நீ என்னைவிடக் கெட்டிக்காரி என்பதைத் தவிர.

வேலை முடிந்து தொழிற்சாலை பஸ்ஸில் உட்கார்ந்தபோது, அன்று மருத்துவமனையில் நீ சொன்னதற்கு ஒரு பதில் எனக்குத் தோன்றியது. இத்தனை நாள் கழித்து! நல்ல பதில். "உன் கவுண்டரு கவுண்டருன்னு ஊரே பேசுதே, நான் கை நீட்டாம நின்னிருந்தா நீ அங்க என்னடி பண்ணியிருப்ப? விடியற வரைக்கும் ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு நின்னிருக்கணும்." எப்படி? இதற்கு நீ என்ன சொல்வாய்? சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். முகம் திறந்து கிடக்க, கை முழுதாக நீட்டி, விலாவை மூடாமல் நிற்கிறவள் மாதிரி, அப்படியே இருந்தேன். நீ ஒன்று சொல்வாய் என்று இருந்தேன். பஸ் ரவாங் டவுனைத் தாண்டிவிட்டது. ஒன்றும் வரவில்லை.

திருப்பி அடிடி. இவ்வளவு பொறாமையை வைத்துக்கொண்டு நான் தனியாக என்ன செய்வேன்?